தோட்ட வேலியோடு நின்றுபோன வரிப்பணம்

150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்குத் தீபகற்ப மலேசியாவில் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளி. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஓய்ந்த பெரியவர்களிடம் வரியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இந்த 2 வெள்ளிதான். "மத்தபடி நாங்க எங்கய்யா வரி கட்டுறோம்? அது டவுன்காரங்க சமாச்சாரம்" என்பார்கள். குரலில் வருத்தமும் இருக்காது, பெருமையும் இருக்காது. நேற்று மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

காகிதக் கணக்கு அவர்கள் பக்கம்தான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400. தனிநபர் கழிவு 9,000 போக, சேமநிதிக்குப் பிடிக்கும் 11 விழுக்காடு போக, மிஞ்சுவது 9,156. அதில் முதல் 5,000-க்கு வரி கிடையாது. மீதிக்கு 1 விழுக்காடு என்றால் 41 வெள்ளி சொச்சம். குறைந்த வருமானக்காரருக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி இருப்பதால் அந்த 41-உம் மறைந்துவிடுகிறது. வருமான வரி வாரியத்தின் பார்வையில் அவர் வரி கட்டாதவர்.

ஆனால் அவர் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி விலையில் விற்பனை வரி இருக்கிறது. பீரிலும் சிகரெட்டிலும் கலால் வரி இருக்கிறது. 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை 6 விழுக்காடு பொருள் சேவை வரி இருந்தபோது அவர் தோட்டத்துக் கடையில் வாங்கிய பல சாமான்களில் அதுவும் இருந்தது. ரசீதில் பெயர் இல்லாமல் கொடுப்பதால் கொடுக்கவில்லை என்றாகிவிடுமா?

குடிமக்கள் ஏன் வரி கட்டுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு விடை உண்டு: பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை, குடிநீர். டவுனில் வளர்ந்த பிள்ளைக்கு அது உடனே விளங்கும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு விளங்காது. அங்கே பள்ளியைக் கட்டியது தோட்டம், மருந்து கொடுத்தது தோட்டத்து டிரஸ்ஸர், மண்சாலை போட்டது தோட்டம், லயத்துக் குழாயில் தண்ணீர் விட்டதும் தோட்டம். அரசாங்கம் என்பது அடையாளக் கார்டு எடுக்கப் போகும் இடம். நூறாண்டுக்கு மேலாக வரி கொடுத்துவந்த ஒரு சமூகம் தன்னை வரி கட்டாத சமூகமாக நினைத்துக்கொண்டது இப்படித்தான். அந்த நினைப்பால் அது இழந்தது நிறைய. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்க முயல்கிறேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் இப்போது பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பெயரை மாற்றினார்கள். ஊர்க்காரர் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையில், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் உள்நாட்டுப் பக்கம் இருக்கும் ஊர். பெர்ஜுந்தாய் ஈயக் கம்பெனியின் கப்பல்கள் மண்ணைக் குடைந்து ஈயம் எடுத்த பள்ளங்கள் குளங்களாகக் கிடக்கின்றன. சுற்றிலும் தோட்டங்கள். அவற்றில் ஒன்றான தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். பின்னால் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவரும் அவரே. இன்று நாட்டின் கருவூலத்துக்குப் பெரும்பணம் கொண்டுவரும் செம்பனை முதலில் வேர்விட்டது, பெயரைப் படித்ததுமே தென்னைமரம் காதில் விழும் ஒரு தோட்டத்தில்.

இந்த ஆற்றுக்கும் வரிக்கும் உறவு தோட்டங்களைவிடப் பழையது. மலாய்ச் சிற்றரசுகளில் ஆற்றின் முகத்துவாரத்தில் உட்கார்ந்திருப்பவரே ராஜா. மேலேயிருந்து படகில் இறங்கிவரும் ஈயம் அவர் கண்ணில் படாமல் கடலுக்குப் போக முடியாது; பட்டால் வரி. கோல சிலாங்கூரின் மெலாவாத்தி குன்றுக் கோட்டை அந்த வேலைக்கு வாகான இடத்தில்தான் நிற்கிறது. பக்கத்துக் கிள்ளானில் 1866-ல் ராஜா அப்துல்லா வரி வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ரீடுக்கும் தான் கிம் சிங்குக்கும் குத்தகைக்கு விட்டார். அபின் வரியைக் கட்ட முடியாது என்றார் ராஜா மஹ்டி. மூண்ட சண்டை சிலாங்கூர் முழுவதையும் இழுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓடியது. 1874-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்ததற்கு அதுவே வாசலாயிற்று. யாருக்காக வசூலிக்கிறோம் என்பதற்கு விடை இல்லாத வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

பிரிட்டிஷார் வந்தபின் ஈயத்துக்கும் ரப்பருக்கும் ஏற்றுமதித் தீர்வை வந்தது. இதைத் தோட்ட முதலாளி கட்டியதாகவே ஏடுகள் சொல்லும். சட்டப்படி உண்மை. ஆனால் ரப்பரின் விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவானது. அந்த விலையோடு தீர்வையைச் சேர்த்து வாங்குகிறவன் தலையில் கட்ட மலாயாத் தோட்டத்தால் முடியாது. அது திரும்பிவந்து தோட்டத்தின் வரவுசெலவில் உட்காரும். செலவில் சுருக்கக்கூடியது எது? லண்டன் பங்குதாரரின் ஈவுத்தொகை கடைசியில்தான் சுருங்கும்; கூலிப் பதிவேடான கங்காணியின் செக்ரோல் முதலில் சுருங்கும். 1930-களின் மந்தத்தில் ரப்பர் விழுந்தபோது கூலி வெட்டப்பட்டது, ஆட்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டார்கள். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விடியுமுன் நின்ற மனிதர் தீர்வை என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். அதில் அவர் பங்கு இருந்தது.

ஒரு வரி மட்டும் நேரடியாக அவர் பெயரிலேயே இருந்தது. 1907-ல் தமிழ்க் குடிவரவு நிதிக்கான சட்டம் வந்தது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு, அந்த நிதிக்குத் தொகை கட்ட வேண்டும். பொதுப்பணி இலாகாவும் ரயில்வேயும்கூட முதலாளி என்ற முறையில் கட்டின. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த கப்பல் கட்டணம், முகாம் செலவு, ஆள்கட்டிய கங்காணிக்குக் கொடுத்த கமிஷன், உழைக்க முடியாமல் போனவர்களுக்கான விடுதி, திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் இதிலிருந்து. வந்ததற்கும் அந்த நிதி, போனதற்கும் அந்த நிதி. ஒரு தோட்டம் செலவழித்துக் கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டம் நைச்சியமாக இழுத்துக்கொள்வதைத் தடுக்க, எல்லாரும் பொதுவில் போட்டு எல்லாருக்குமாக ஆள் கொண்டுவரும் ஏற்பாடு இது. பொதுச்செலவுக்குப் பொதுப்பணம் என்ற தத்துவத்தை மலாயாவின் முதலாளிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். தங்களுக்கு வேண்டியபோது.

இன்று அதே தோட்டங்களில் குலை அறுப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். அவர்களுக்கும் தலைக்கணக்கில் ஒரு கட்டணம் உண்டு. தோட்டத் துறையில் ஆண்டுக்கு 640 வெள்ளி லெவி. அன்றைய தலைவரி ஆளை வரவழைக்கப் போட்டது. இன்றையது வரவைக் கட்டுப்படுத்தப் போட்டது. இரண்டிலும் தலைக்கு உரியவரை யாரும் கேட்கவில்லை.

பொதுப்பணம் வேண்டாதபோது அன்றைய அதே முதலாளிகள் எப்படி நடந்தார்கள் என்பதற்குக் கொசுவின் கதை இருக்கிறது. வரி எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது. 1901-ல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். ஊர் முழுக்க மலேரியா. கொசுவே காரணம் என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள். சதுப்பை வடிகட்டவும் காட்டை வெட்டவும் அரசாங்கப் பணத்தைக் கேட்டு வாங்கினார் வாட்சன். கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சாவு மளமளவென்று குறைந்தது. பிறகு அவர் தோட்டங்கள் பக்கம் திரும்பினார். அங்கேதான் தமிழர்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1911-ல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 60-க்கும் மேல். இன்றைய எந்த நாட்டின் இறப்பு விகிதமும் இதன் அருகில் வராது.

கொசுவுக்கு எல்லைக்கல் தெரியாது. ஒரு தோட்டம் தன் வாய்க்காலைச் சுத்தமாக வெட்டி எண்ணெய் தெளித்து வைத்தாலும், பக்கத்துத் தோட்டம் சதுப்பை அப்படியே விட்டால் காய்ச்சல் வரும். செலவு செய்தவனுக்கு முழுப் பலன் இல்லை; செய்யாதவனுக்கு ஓசிப் பலன். எனவே ஆளாளுக்குக் காத்திருப்பார்கள். எல்லாரிடமும் கட்டாயமாக வாங்கி எல்லாருக்குமாகச் செய்தால்தான் இந்த வேலை நடக்கும். கட்டாயமாக வாங்குவதன் பெயர்தான் வரி. பொருளியல் நூல்களில் பல பக்கம் ஓடும் விஷயம் கிள்ளான் சதுப்பில் ஒரு வாய்க்காலளவுக்குள் அடங்கிவிடுகிறது.

அரசாங்கமும் இதை உணர்ந்தே இருந்தது. 1926-ல் சுகாதார வாரியங்களுக்கான சட்டம் கொண்டுவந்தது. தோட்டங்களிடம் கட்டணம் வாங்கி, பகுதிக்கொரு மருத்துவமனையும் மருத்துவ மேற்பார்வையும் பொதுவில் நடத்துவது திட்டம். சின்னத் தோட்டம், ஏழைத் தோட்டம் என்ற வித்தியாசமின்றிக் காய்ச்சல்காரனுக்கு டாக்டர் கிடைத்திருப்பார். துரைமார்கள் எதிர்த்தார்கள். எங்கள் ஆளை நாங்கள் பார்த்துக்கொள்வோம், எங்கள் பணத்தில் அடுத்த தோட்டத்துக்காரன் பிழைப்பதா என்றது அந்த எதிர்ப்பின் சாரம். மந்தம் வந்ததைச் சாக்காக வைத்து 1930-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஆள் இறக்குமதிக்குப் பொதுநிதி சரி. இறக்குமதியான ஆளின் காய்ச்சலுக்குப் பொதுநிதி கூடாது. ஒரே மனிதர்கள், இருபது ஆண்டு இடைவெளியில்.

தமிழர்கள் கண்ணால் பார்த்துக் கொடுத்த வரி கள்ளுக்கடையில் இருந்தது. அரசு உரிமம் பெற்ற கடை, அரசு விதித்த கலால். தோட்டத்துக் கள்ளுக்கடை லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்று அதிகாரிகள் சமாதானம் சொல்லிவந்தார்கள். அதாவது மாலையில் அப்பா குடித்த காசில் மறுநாள் பிள்ளைகளுக்குப் பந்து வரும். இந்த ஏற்பாட்டை ஏற்காதவர்களும் தோட்டத்திலேயே இருந்தார்கள். 1941-ல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரை உலுக்கிய வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரைக்கு எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை ஆகியவற்றோடு கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தது. நாதனை நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். 1947-ல் கெடா, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளம்பி, போலீசாரோடு மோதி, உயிரும் கொடுத்தார்கள். கோரிக்கைப் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள்: கல்வி, மருத்துவம். வரிப்பணத்தால் எல்லா நாட்டிலும் நடப்பவற்றைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவற்றை உரிமையாக இல்லாமல் கருணையாகக் கேட்க வேண்டியிருந்தது.

கடல் கடந்த தமிழர் வரலாற்றில் வரி என்றதும் நினைவுக்கு வர வேண்டியது நேட்டால். அங்கே 1895 சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் தங்க விரும்பிய இந்தியர் ஆண்டுக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங் கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் மாதச் சம்பளம் முதலாண்டில் 10 ஷில்லிங். ஆறு மாத உழைப்பு, நாட்டில் நிற்பதற்கு மட்டும். கருவூலத்தை நிரப்புவதைவிட, ஆளை மீண்டும் கரும்புக்காட்டு ஒப்பந்தத்துக்குள் தள்ளுவதே அதன் வேலை. 1913-ல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் அதை உடைத்தது; 1914-ல் வரி நீங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரி 22-ல் சிறைவாசத்தின் விளைவாக இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் காந்தி கதையின் ஓர் அத்தியாயமாகவே படிக்கிறோம். வரிப் போராட்டத்தின் கதையாகவும் படிக்கலாம். குடியுரிமை தராத வரி தண்டம். அதற்கு எதிராக நின்றவர்கள் வரி ஏய்ப்பவர்கள் ஆகமாட்டார்கள்.

மலாயாவில் வருமான வரி வந்தது 1947-ல் இயற்றிய சட்டத்தால்தான். அதற்கு முன் பலமுறை பேச்செழுந்து, வணிகர்களும் தோட்டக்காரர்களும் சுரங்க முதலாளிகளும் எதிர்த்து அமுக்கிவிட்டார்கள். அதனால் அரசாங்கம் தீர்வையிலும் அபினிலும் கள்ளிலும் ஓடியது. சம்பாதிப்பவனிடம் வாங்காமல் உழைப்பவனிடமும் குடிப்பவனிடமும் வாங்கிய ஆட்சி அது. இன்று வருமானம் கூடக்கூட விகிதமும் கூடுகிற வரி இருக்கிறது. 1,700 வெள்ளிக்காரர் கட்டுவதில்லை, பெரும் சம்பளக்காரர் நூற்றுக்கு 30 வரை கட்டுகிறார். இந்த மாற்றத்தின் பலனைத் தோட்டத்துப் பிள்ளைகளும் அனுபவித்திருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கலாம். தஞ்சோங் காராங் மருத்துவமனையில் பிரசவித்த தாய், தனியார் மருத்துவமனை பில்லைப் பார்த்தால் மயங்கி விழுவார். பால் வெட்டியவரின் பேத்தி அதே பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். இவையெல்லாம் யாரோ கட்டிய வருமான வரியும், பெட்ரோல் வருவாயும், அவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் விற்பனை வரியும் கலந்த பணம்.

பிறகு எங்கே இடறியது? நிலத்தில்.

தோட்டம் தனியார் சொத்து. அதற்குள் இருக்கும் லயம், சாலை, குழாய், சுடுகாடு எல்லாம் தனியார் சொத்துக்குள் இருப்பவை. சுதந்திரத்துக்குப் பின் கிராம மேம்பாட்டுக்கென்று பெரும்பணம் ஒதுக்கினார்கள். மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்குத் தார்ச்சாலையும் மின்சாரமும் போயின. கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு முள்வேலிதான் இருக்கும். பணம் அந்த வேலியோடு நின்றுவிடும். காரணம் சட்டப்படி சரியானதே: லாபம் சம்பாதிக்கும் கம்பெனியின் நிலத்தில் பொதுப்பணத்தைக் கொட்ட முடியாது, அதை முதலாளி செய்ய வேண்டும். முதலாளிமீது கடமையும் இருந்தது. 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள்; சில இடங்களில் மாட்டுக்கொட்டகை அளவுக் கட்டடத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார். 1990-ன் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் தண்ணீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பாகவே வைத்தது. அதாவது இங்கே குடிமகன் பெற வேண்டியதைத் தொழிலாளி பெற்றான். வேலை இருக்கும்வரை. வேலை போனால் வீடு, தண்ணீர், விளக்கு மூன்றும் ஒரே நாளில் போகும்.

தமிழ்ப் பள்ளிகளில் இந்த வேலி இன்றும் தெரிகிறது. பள்ளி நிலம் அரசாங்கத்துடையதாக இருந்தால் முழு உதவி. தோட்டத்துடையதாக இருந்தால் பகுதி உதவி. ஆசிரியர் சம்பளம் இரண்டுக்கும் அரசு தரும். கூரை ஒழுகினால், கூடுதல் வகுப்பறை வேண்டுமென்றால், பகுதி உதவிப் பள்ளியின் வாரியம் நன்கொடை விருந்து நடத்தி உண்டியல் குலுக்க வேண்டும், அல்லது யாராவது அமைச்சர் மனம் இரங்க வேண்டும். நன்கொடை கொடுக்கிறவர் ஏற்கெனவே வரி கொடுத்தவர். ஒரே வகுப்பறைக்கு அவர் இரண்டு முறை பணம் கட்டுகிறார்.

அரசு எட்டாத இடத்தில் தமிழர்கள் தாங்களே தங்களுக்கு வரி போட்டுக்கொண்டதும் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி என்று தொழிலாளர்களிடம் சேர்த்த பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பெரிய சாதனை. ஆனால் கூட்டுறவு தோட்டம் வாங்கலாம். மலேரியாவை ஒழிக்க முடியாது, மருத்துவமனை நடத்த முடியாது. தன் கையே தனக்குதவி என்ற பெருமிதத்தில் நம் சங்கங்கள் அரசாங்கத்திடம் கணக்குக் கேட்க மறந்தன என்பது என் அபிப்பிராயம்.

வேலி ஒருமுறை திறந்துகொண்ட வேடிக்கையை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானதால் இடைத்தேர்தல் வந்தது. பல ஆண்டுகள் மனுக் கொடுத்தும் அசையாத சாலைகள் சில வாரங்களில் தார் கண்டன. அமைச்சர்கள் வரிசையாக வந்து, கேட்டதையும் கேட்காததையும் அறிவித்தார்கள். ஏப்ரல் 28-ல் வாக்களிப்பு. ம.இ.கா.வின் கே. பார்த்திபன் வென்றார், எதிர்க்கட்சியின் காலிட் இப்ராஹிம் தோற்றார். அந்தத் தார் யாருடைய பணம் என்று அப்போது கேட்டவர்கள் குறைவு. பரிசு என்று வாங்கினோம். பரிசு கொடுத்தவருக்கு நன்றி சொன்னோம். வரி கட்டாதவர் என்ற நினைப்புக்கு நாம் கொடுத்த விலை இந்த நன்றிதான். கடன்காரன் பாக்கியைத் திருப்பித் தரும்போது யாராவது கும்பிடுவார்களா?

அடுத்த ஆண்டே காலிட் ஈஜோக்கில் வென்று மந்திரி பெசார் ஆனார். 2008 ஜூனிலிருந்து சிலாங்கூரில் வீட்டுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசம் என்று அறிவித்தார். (2020-ல் அது குறைந்த வருமானக்காரருக்கு மட்டும் என்று சுருங்கியது.) கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிக்கும் தண்ணீர், பத்தாங் பெர்ஜுந்தாயிலும் புக்கிட் பாடோங்கிலும் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் இதே சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆறு இங்கே. சலுகையோ மீட்டரில் பெயர் உள்ளவருக்கு. தோட்டத்தின் பெயரில் மொத்த மீட்டர் இருந்த லயத்துக்காரர் அந்தப் பட்டியலில் எங்கே நிற்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

ஊராட்சி மன்றக் கணக்கு இன்னும் விசித்திரமானது. மலேசியாவில் நிலவரி மாநில அரசுக்குப் போகிறது; வீட்டுக்கான மதிப்பீட்டு வரி, மக்கள் வாயில் சுக்காய் பிந்து, ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, சந்தை எல்லாம் இதில்தான். குடிமகனுக்கு மிக அருகில் இருக்கும் வரி இது. கொடுத்த பணத்தை வாசலில் நின்று பார்க்கலாம். ஆனால் ஊராட்சித் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தப்பட்டன. 1976 ஊராட்சிச் சட்டம் அந்தக் கதவை மூடியே விட்டது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே மதிப்பீட்டு வரி கட்டுகிறவருக்கு மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வாக்கில்லை. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் எழுப்பிய குரலைப் பள்ளியில் படிக்கிறோம், பரீட்சை எழுதுகிறோம், பிறகு போய் சுக்காய் பிந்து கட்டிவிட்டு வருகிறோம்.

1907-ன் அந்தப் பழைய நிதி என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டுமல்லவா. சுதந்திரத்துக்குப் பின் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகப் பெயர் மாறியது. ஆள் இறக்குமதி எப்போதோ நின்றிருந்தது. 1938-லேயே இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடுத்துவிட்டது. மிஞ்சிய பணம், நிலம், கட்டடங்கள் எல்லாம் முதிய தொழிலாளர் நலனுக்கு என்றிருந்தன. 1999-ல் நாடாளுமன்றம் நிதியைக் கலைத்தது. சொத்து அரசாங்கத்தோடு சேர்ந்தது. தனி நிதிகள் பொதுக் கருவூலத்தில் கலப்பது கொள்கையளவில் தவறில்லை என்பேன். இனத்துக்கொரு உண்டியல் வைத்து ஒரு நாடு நடக்க முடியாது. ஆனால் பொதுக் கருவூலம் வேலியைத் தாண்டாதவரை, அதில் கலப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி கலப்பதாகாது. அந்த நிதி கலைக்கப்பட்டபோது இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயங்கள் இடியும் நிலையில் இருந்தன.

அவற்றில் ஐந்து தோட்டங்களின் பெயரை வட சிலாங்கூரில் அறியாதவர் இல்லை: மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். 1990-களில் கைமாறிய தோட்டங்கள். வேலை போனது, வீடு தருவதாகச் சொன்ன வாக்கு நின்றது, லயத்தில் பிறந்தவர்கள் லயத்திலேயே பேரன் எடுத்தார்கள். கால் நூற்றாண்டு அலைந்தபின் 2023-ல்தான் முடிவு வந்தது. தோட்ட நிறுவனம் 20 ஏக்கர் நிலம் கொடுப்பது, மத்திய அரசும் மாநில அரசும் பணம் போடுவது, 245 குடும்பங்களுக்குத் தரை வீடுகள் கட்டுவது. பொதுப்பணம் பெரிய அளவில் அந்த வேலியைத் தாண்டியது. அப்போதும் மேடையில் மாலைகள் இருந்தன, நன்றியுரைகள் இருந்தன.

பட்டா கையில் வாங்கும் அந்த 245 குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வரி விலக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஊராட்சி மன்றத்தின் மதிப்பீட்டுப் பட்டியலில் இனி உங்கள் பெயர் ஏறும். பாட்டன் காலத்திலிருந்து வரி கொடுத்த குடும்பத்தின் பெயர் ஒரு வரிப் பட்டியலில் எழுத்தில் வருவது பலருக்கு இதுவே முதல் தடவையாக இருக்கும். அந்தக் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடாதீர்கள். மதிப்பீடு தவறென்று பட்டால் ஆட்சேபம் எழுத 1976 ஊராட்சிச் சட்டத்தில் இடம் உண்டு. சாக்கடை ஓடாவிட்டால், விளக்கு எரியாவிட்டால் கேட்கவும் இடம் உண்டு. எழுதுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.